புதிர் போட்டு வாடிக்கையாளரை வரவழைப்பது எப்படி? புதிதாகக் கடை தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஸ்ரீரங்கத்தில் சிறிய மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறேன். கடை திறப்பதற்கு முன்பு 28 நாட்கள் ஊர் முழுவதும் ஆவலைத் தூண்டப் போகிறேன் என்று நினைத்து, கறுப்பு நிறத் தாளில் "வருகிறோம்… காத்திருங்கள்" என்று மட்டும் அச்சடித்து விநியோகித்தேன். ஒருவரும் காத்திருக்கவில்லை. நோட்டீசைப் பார்த்த பக்கத்துத் தெருக்காரர் புதிய நிதி நிறுவனம் வருகிறது என்று நினைத்தாராம். இன்னொருவர் ஏதோ கட்சிக் கூட்டம் என்று எண்ணி மடித்து வைத்துவிட்டார். அச்சுக் கூலியும் ஒரு மாத உழைப்பும் வீணாயின.

ஓராண்டு கழித்து, தீபாவளிக்கு முன்பு மறுபடி முயன்றேன். இந்த முறை ஒரே ஒரு கேள்வி, ஆறே நாட்கள். 251 பேர் பதில் அனுப்பினார்கள். இடையில் சட்டம், அனுமதி, குறுஞ்செய்திப் பதிவு என்று நான் முட்டிக்கொண்ட இடங்கள் ஏராளம். நீங்களும் அதே இடங்களில் முட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் தொழில் எண்ணெய் என்பதால் எண்ணெயை வைத்தே சொல்கிறேன். தையற்கடையோ காபித்தூள் கடையோ வைத்திருப்பவர்கள் பொருளை மாற்றிக்கொண்டால் போதும்.

1. முதலில் கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

மற்ற எல்லா வேலைகளையும் சேர்த்தால் ஆகும் நேரத்தைவிட அதிக நேரத்தை இதற்குக் கொடுங்கள். நான் பத்து நாட்கள் செலவிட்டேன்.

ஒன்றுமே தெரியாத விஷயத்தைப் பற்றி யாருக்கும் ஆவல் வருவதில்லை. பாதி தெரிந்து மீதி தெரியாதபோதுதான் மனம் அரிக்கிறது. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைத்தான் தகவல் இடைவெளி என்று விளக்கினார். நம் பாட்டிமார்களுக்கு இது முன்பே தெரியும். "அம்மா படுத்திருக்க, மகள் ஓடித் திரிகிறாள், அது என்ன?" என்று கேட்டால், அம்மியையும் குழவியையும் தினமும் பார்த்த குழந்தைதான் தலையைச் சொறியும். அம்மியைப் பார்த்தே இராத குழந்தைக்கு அது வெறும் வாக்கியம். என் "வருகிறோம்" நோட்டீஸ் தோற்றதற்குக் காரணமும் அதுதான். படித்தவர் பிடித்துக்கொள்ள அதில் தெரிந்த பாதி என்று எதுவுமே இல்லை.

நான் இறுதியில் தேர்ந்த கேள்வி இது: "ஒரு லிட்டர் நல்லெண்ணெய் எடுக்க எத்தனை கிலோ எள் வேண்டும்?" நல்லெண்ணெய் இல்லாத சமையலறை நம்மிடம் அரிது. தோசைக்கு ஊற்றுகிறோம், இட்லிப் பொடியில் குழைக்கிறோம், தீபாவளியன்று தலையில் தேய்க்கிறோம். ஆனால் எள்ளின் கணக்கு பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் ஊகிக்கலாம். "ஒன்றரை", "இரண்டு", "நான்கு" என்று வீட்டுக்குள்ளேயே ஆளுக்கொரு எண் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்ளலாம். செக்கில் ஆட்டினால் ஏறக்குறைய இரண்டரை கிலோ ஆகும். இந்த விடை தெரிந்த மறுகணம், கடைத்தெருவில் எள் என்ன விலை, சில எண்ணெய்கள் எப்படி அவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன என்ற அடுத்த கேள்வி அவர்களுக்கே எழும். என் எண்ணெயின் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதை நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உங்கள் கேள்வியையும் இப்படிச் சோதியுங்கள். கேட்பவர் அந்தப் பொருளோடு பழகியவராக இருக்க வேண்டும். ஊகிக்க இடம் இருக்க வேண்டும். விடை உங்கள் கடை வாசலில் வந்து நிற்க வேண்டும். காபித்தூள் விற்பவர் "உங்கள் வீட்டுக் காபியில் சிக்கரி எத்தனை சதவீதம்?" என்று கேட்கலாம். சிக்கரி கலந்த தூளில் அது 49 சதவீதம் வரை இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்பது பலருக்குச் செய்தியாக இருக்கும். தையற்கடைக்காரர் ஒரு ரவிக்கையின் வெட்டிய துண்டுகளை மேசையில் பரப்பிப் படம் எடுத்து, மொத்தம் எத்தனை துண்டு என்று கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "நீங்கள் சாப்பிடும் எண்ணெயில் ஒளிந்திருக்கும் ஆபத்து, பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள்" என்ற வகைத் தலைப்பைப் பலர் எனக்குப் பரிந்துரைத்தார்கள். அதைத் தொடாதீர்கள். பயத்தில் சொடுக்குகிறவர் உங்களிடம் வாங்க மாட்டார். வாங்கினாலும் நம்ப மாட்டார்.

2. ஆறு நாட்களை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்

வீடு, கார் போன்ற பெரிய பொருளுக்கு மாதக்கணக்கில் ஆவலை வளர்க்கலாம். மளிகைச் சாமானுக்கு ஒரு வாரத்துக்கு மேல் யாரும் பொறுக்க மாட்டார்கள். எனக்கு ஆறு நாட்கள் சரியாக இருந்தன.

முதல் நாள் கேள்வி மட்டும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் வந்த பதில்களைப் பெயர் இல்லாமல் வெளியிட்டேன்: "இதுவரை வந்த மிகச் சிறிய விடை அரை கிலோ, மிகப் பெரியது ஏழு கிலோ." இந்த ஒரு வரிக்குக் கிடைத்த வரவேற்பு கேள்விக்கே கிடைக்கவில்லை. ஏற்கெனவே பதில் அனுப்பியவர்கள் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அறியத் திரும்பி வந்தார்கள்.

நான்காம் நாள் ஒரு துப்பு. அரை நிமிட வீடியோ, பேச்சே கிடையாது. வாகை மரச் செக்கு சுற்றும் கரகரப்பு, உலக்கையின் அடியில் எள் நசுங்கிக் கறுத்துக் குழைவது, ஒரு கை உள்ளே ஏதோ பழுப்புக் கட்டியைப் போடுவது. அந்தக் கட்டி என்ன என்று நான் சொல்லவில்லை. அது கருப்பட்டி. எண்ணெய் பிரிந்து வரவும் எள்ளின் கசப்பு தணியவும் அதைச் சேர்ப்பது வழக்கம். "அது என்ன கட்டி?" என்று கேட்டு மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட செய்திகள் வந்தன. முதல் கேள்வியின் சூடு ஆறும் நேரத்தில் இரண்டாவது கேள்வி தானாக முளைத்துவிட்டது. நான் திட்டமிட்டவற்றிலேயே எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது இதுதான்.

ஐந்தாம் நாள் விடை சொல்லும் நேரத்தை அறிவித்தேன். ஆறாம் நாள் மாலை 5 மணிக்குக் கடையிலேயே, வந்தவர்கள் கண்முன் எள்ளை நிறுத்து, ஆட்டி, எண்ணெயை அளந்தோம். புண்ணாக்கு உரலின் ஓரமாக ஏறி ஒட்டிக்கொள்ள, எண்ணெய் இறங்கிப் பாத்திரத்தில் விழுவதை முன்வரிசையில் நின்ற ஒரு பாட்டி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஊர்ல மாடு கட்டி ஆட்டுவாங்க" என்று அவர் ஆரம்பிக்க, சுற்றி நின்ற இளைஞர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

விடை சொல்லும் நாளை ஒருபோதும் தள்ளிப் போடாதீர்கள். சரக்கு தயாராகிப் புட்டியில் அடைத்த பிறகே முதல் கேள்வியை வெளியிடுங்கள். முதல் முயற்சியில் நான் நோட்டீசை முன்னால் விட்டுச் சரக்குக்குப் பின்னால் ஓடினேன். லேபிள் அச்சாகி வரவில்லை, திறப்பு நாள் இரண்டு முறை மாறியது. அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் எடுபடவில்லை.

3. நாள் பார்ப்பது

மளிகைப் பட்டியல் மாதத்தின் முதல் வாரத்தில் எழுதப்படுகிறது. விடை நாள் 1-ஆம் தேதிக்கும் 5-ஆம் தேதிக்கும் இடையில் விழும்படி பாருங்கள். எண்ணெய் விற்பவர்களுக்குத் தீபாவளி நல்ல காலம்தான். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரம் வேண்டாம். அப்போது நாளிதழைப் பிரித்தால் ஜவுளிக்கடை நோட்டீஸ்கள் கொத்தாக விழும். உங்களுடையது தரையில் கிடக்கும். அச்சகங்களிலும் வேலை குவிந்திருக்கும். மூன்று வாரங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நோட்டீஸ் போட ஞாயிற்றுக்கிழமையைத்தான் ஏஜென்ட் பரிந்துரைப்பார். நான் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தேன். செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாட்கள். நல்லெண்ணெய்க் கிண்ணம் கையில் இருக்கும் நேரத்தில் நல்லெண்ணெய் பற்றிய கேள்வி போய்ச் சேரட்டும் என்று கணக்குப் போட்டேன்.

4. பரிசு வைப்பதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள்

பெரிய நிறுவனங்களின் பரிசுத் திட்ட விளம்பரங்களில் அடியில் பொடி எழுத்தில் "தமிழ்நாட்டில் பொருந்தாது" என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். பொருள் வாங்கியவர்களிடையே குலுக்கல் நடத்திப் பரிசு கொடுப்பதை அது தடை செய்கிறது. "500 ரூபாய்க்கு வாங்குங்கள், குலுக்கலில் தங்கக் காசு" என்ற யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் செய்கிறார் என்பது உங்களைக் காப்பாற்றாது.

நான் குலுக்கலையும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே நீக்கினேன். இரண்டே கால் கிலோ முதல் இரண்டே முக்கால் கிலோ வரை விடை சொன்ன முதல் 100 பேருக்கு 100 மில்லி எண்ணெய்ப் புட்டி இலவசம் என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதி, மூடிய உறையில் வைத்துக் கடையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டினேன். 100 பேர் என்ற எண்ணிக்கையை நோட்டீசிலும் அச்சிட்டேன். 74 பேர் சரியாகச் சொன்னார்கள். முடிவை விடை நாளன்றே ஒட்டினோம். போட்டி முடிந்த பின் முடிவைப் பங்கேற்றவர்களுக்குத் தெரிவிக்காமல் இருப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது.

அதே சட்டத்தின் கீழ் 2022-ல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் தூண்டில் விளம்பரத்தைப் பற்றியும் பேசுகின்றன. கொடுக்கும் உத்தேசம் இல்லாத விலையைச் சொல்லி ஆள் சேர்க்கக்கூடாது. இருப்பு குறைவு என்றால் விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இணையத்தில் விற்பவர்கள் "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்று பொய்யாக அவசரப்படுத்துவதை 2023-ன் நெறிமுறைகள் தனியாகத் தடை செய்திருக்கின்றன.

உணவுப் பொருள் விற்பவர்களுக்கு இன்னொன்று. "சர்க்கரை நோயை விரட்டும் இந்த எண்ணெய் எது?" என்று புதிர் போடக் கை அரிக்கும். உணவு எந்த நோயையும் தடுக்கும், தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது. கேள்விக்குறி போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

5. எங்கே கேட்பது, எவ்வளவு ஆகும்

கடை வாசல் கரும்பலகை. சாக்பீஸ் செலவு மட்டும். என் 251 பதில்களில் 30 இங்கிருந்து வந்தன. படித்தவரே நேரில் உள்ளே வந்து விடை சொல்வதால் அந்த முப்பதில் பெரும்பாலானோர் இன்றும் வாடிக்கையாளர்கள்.

நாளிதழ் நோட்டீஸ். 5,000 தாள்களுக்கு அச்சுக்கூலி 4,200 ரூபாய், உள்ளே வைக்க ஏஜென்டுக்குத் தாளுக்கு 50 காசு வீதம் 2,500 ரூபாய். விடியற்காலையில் பேப்பர் பிரிக்கும் இடத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய் நில்லுங்கள். முதல் முயற்சியில் நான் போகவில்லை. ஒரு கட்டு முழுவதும் பிரிக்கப்படாமல் மூலையில் கிடந்தது எனக்குப் பல நாட்கள் கழித்தே தெரிந்தது.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக். நாளுக்கு 300 ரூபாய் வீதம் ஆறு நாட்கள் விளம்பரம் செய்தேன். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 2,124 ரூபாய். ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர்கள் அதை விளம்பரக் கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ஸ்டோரியில் விடைத் தேர்வு ஸ்டிக்கர் இருக்கிறது. நான்கு விடைகள் வரை கொடுக்கலாம். ஆனால் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் கேள்வியைப் பதிவாகவும் போட்டு வையுங்கள். "லைக் போடுங்கள், நண்பரை டேக் செய்யுங்கள், உங்கள் பக்கத்தில் பகிர்ந்தால்தான் பரிசு" என்று எழுதாதீர்கள். இப்படிக் கெஞ்சி வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. சொந்தப் பக்கத்தில் பகிர்வதைப் போட்டிக்கு நிபந்தனையாக்குவதும் அதன் விதிகளுக்கு எதிரானது.

வாட்ஸ்அப் பிசினஸ். செயலி இலவசம். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒளிபரப்புப் பட்டியல், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி. ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே முதல் பதிலிலேயே "விடையை அறிய எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். ஆவல் சூடாக இருக்கும் அந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்துவிடுவார்கள். லேபிள் வசதியைக் கொண்டு சரி, தவறு, எண்ணெய் கேட்டவர் என்று அன்றன்றே பிரித்து வையுங்கள். மூன்று நாள் விட்டால் பிரிக்க முடியாது.

குறுஞ்செய்தி. புதியவர்களுக்கு வேண்டாம் என்பது என் முடிவு. மொத்தமாக விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்பத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் (மொத்தமாகச் செய்தி அனுப்புவோரையும் அவர்களது வாசகங்களையும் பதிவு செய்யும் இணையதளம்) பதிய வேண்டும். பான் அட்டை, தொழில் பதிவு அல்லது ஜிஎஸ்டி சான்று, கையொப்பமிடுபவரின் அடையாள ஆவணம், அதிகாரக் கடிதம் கேட்பார்கள். எனக்குக் கட்டணம் 5,900 ரூபாய் ஆனது. பிறகு அனுப்புநர் பெயருக்குத் தனி ஒப்புதல், செய்தி வாசகத்துக்குத் தனி ஒப்புதல். உள்ளே இணைப்பு வைத்தால் அதையும் முன்பே பதிய வேண்டும். வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றினால்கூட மறுபடி ஒப்புதல். தினமும் வாசகம் மாறும் புதிருக்கு இது ஒத்துவராது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் ஒரு செய்தி என்றால் தமிழில் 70 தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "நல்லெண்ணெய்" கண்ணுக்கு ஆறு எழுத்து; கணினிக்கு 11. என் கேள்வியும் கடைப் பெயரும் சேர்ந்து இரண்டு செய்திகளின் கட்டணத்தை விழுங்கின.

பேனர். சாலையோரத்தில் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி இல்லாமல் பேனர் வைக்காதீர்கள். "எல்லோரும் வைக்கிறார்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பிளக்ஸ் அடிப்பவர் சொல்வார். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியற்ற பேனர் விழுந்ததில், ஸ்கூட்டரில் வந்த இளம் பெண் பொறியாளர் கீழே விழுந்து லாரி ஏறி இறந்தார். எந்தக் கடையின் எந்தக் கேள்வியும் அந்த விலைக்கு ஈடாகாது. பொதுச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டுவதற்கும் 1959-ன் பொது இடங்கள் அழகு கெடுவதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது.

புட்டிகளுக்கு 4,500 ரூபாய் சேர்த்து, குறுஞ்செய்தியில் விட்ட பணம் நீங்கலாக, எனக்கு மொத்தம் 13,324 ரூபாய் ஆயிற்று.

6. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி

கருவி எதுவும் வேண்டாம். நோட்டீசில் "விடையுடன் எள் என்று எழுதி அனுப்புங்கள்" என்றும், இன்ஸ்டாகிராமில் "செக்கு என்று எழுதி அனுப்புங்கள்" என்றும் போட்டேன். வாட்ஸ்அப்பில் தேடினால் எண்ணிக்கை வந்துவிடும். எள் 87, செக்கு 134. செலவோடு வகுத்துப் பார்த்தால் நோட்டீசில் ஒரு பதிலுக்கு 77 ரூபாய், இன்ஸ்டாகிராமில் 16 ரூபாய். இதைப் பார்த்ததும் நோட்டீசை நிறுத்திவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துக் கடைக்கு வந்தவர்களையும் எண்ணுங்கள். நோட்டீஸ் பார்த்தவர்கள் நடந்து வரும் தூரத்தில் இருந்தார்கள்; பெரும்பாலோர் வந்து லிட்டர் கணக்கில் வாங்கினார்கள். இன்ஸ்டாகிராமில் பதில் சொன்னவர்களில் பாதிப்பேர் வெளியூர். கூரியரில் எண்ணெய் அனுப்பும் ஏற்பாடு அப்போது என்னிடம் இல்லை.

7. விடை சொன்ன மறுநாள்

தவறாகச் சொன்னவர்களுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். 177 பேருக்கு எழுத எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. "நீங்கள் ஒன்றரை என்றீர்கள். நாங்கள் நேற்று நிறுத்தபோது இரண்டு கிலோ 450 கிராம் ஆனது. அந்த வீடியோ இதோ." இவ்வளவுதான் எழுதினேன், விலைப்பட்டியல் இணைக்கவில்லை. அவர்களில் பலர் விலையைத் தாங்களே கேட்டார்கள்.

கையில் சேர்ந்த தொலைபேசி எண்கள் உங்கள் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். புதிருக்காகக் கொடுத்த எண்ணை வேறு எதற்கும் பயன்படுத்தும் முன் ஒப்புதல் கேட்க வேண்டும் என்பதே 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கு. "மாதம் ஒரு புதிர் அனுப்பலாமா?" என்று கேளுங்கள். ஆம் என்று சொன்னவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எண்களை அழித்துவிடுங்கள். எனக்கு ஆம் என்றவர்கள் 163 பேர். அடுத்த மாதம் அவர்களுக்கு அனுப்பிய கேள்வி: "கடலை எண்ணெய் ஆட்டியபின் எத்தனை நாட்கள் தெளிய விட வேண்டும்?" முதல் பதில் நான்கு நிமிடத்தில் வந்தது.